ஏழாம் கேள்வி

அக்காவும் தங்கையும் ஒரே காவல் நிலையத்தில் வேலை பார்த்தார்கள். அக்கா கான்ஸ்டபிள். ஏழு வயது இளைய தங்கை சப்-இன்ஸ்பெக்டர். வீட்டில் அம்மா பெரியவள், சின்னவள் என்று அழைத்த பழக்கம் எப்படியோ நிலையத்துக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. "பெரியக்கா, சின்ன மேடம் கூப்பிடுறாங்க" என்று வேன் டிரைவர் குரல் கொடுத்தால் புதிதாக மாற்றலாகி வந்தவர்கள் விழிப்பார்கள். அவர்களுக்கு விளக்கிச் சொல்வதில் டிரைவருக்குத் தனி ருசி. "வயசுல பெரியவங்க சல்யூட் அடிப்பாங்க, சின்னவங்க வாங்கிப்பாங்க. வீட்டுக்குப் போனா எல்லாம் நேராயிடும்" என்று சொல்லிச் சிரிப்பார்.

வீட்டுக்குப் போனாலும் எதுவும் நேராவதில்லை என்பது பெரியவளுக்கு மட்டும்தான் தெரியும்.

சப்-இன்ஸ்பெக்டர் தேர்வுக்கு முதலில் படித்தவள் அவள்தான். முதல் வருஷம் எட்டு மாத கர்ப்பம். ஓட்டத் தேர்வுக்குப் போகவே முடியவில்லை. அடுத்த முறை எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண், ஓட்டத்தில் இரண்டு நொடி பிந்திவிட்டாள். அதற்கடுத்த முறை விண்ணப்பம் வாங்கப் போனபோது வயது தாண்டிவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். மூன்று வருஷம் சமையலறை மேஜையில் உட்கார்ந்து எழுதிய நோட்டுகளைத் தூக்கிப்போட மனம் வராமல், செருப்புக் கம்பெனியில் பில் போட்டுக்கொண்டிருந்த தங்கையிடம் கொடுத்தாள். தங்கை ஒரே முயற்சியில் தேறினாள். வந்தவர் போனவரிடம் எல்லாம், "அக்கா நோட்டுதான் என்னைக் கரையேத்துச்சு" என்று சொன்னாள். அவள் நன்றி சொல்லாமல் இருந்திருந்தால் பெரியவளுக்குக் கோபப்படவாவது ஒரு வழி இருந்திருக்கும்.

இருவரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். கீழே பெரியவளும் கணவனும் மகளும். மாடியில் அம்மாவும் சின்னவளும். பெரியவளின் கணவன் தண்ணீர் ஏற்றும் நிலையத்தில் வேலை பார்த்தான். சாது. யாரையும் நோகடிக்க நினைக்காதவன். ஆனால், "உன் தங்கச்சி மாதிரி நீயும் கொஞ்சம் சிரிச்ச முகமா இருந்தா என்ன?" என்று மாதத்துக்கு ஒரு தடவையாவது கேட்டுவிடுவான். மகளுக்குப் பதினோரு வயது. பள்ளிச் சீருடையை நீட்டி, "சித்தி சட்டைல மடிப்பு கத்தி மாதிரி நிக்குதுல்ல, அப்படி இஸ்திரி போட்டுக் குடும்மா" என்பாள். பெரியவள் இஸ்திரிப் பெட்டியை அழுத்தி அழுத்தித் தேய்ப்பாள். தங்கையின் சட்டைக்கு அந்த மடிப்பை எடுத்துக் கொடுப்பவளும் தான்தான் என்பதை மகளிடம் சொல்லமாட்டாள்.

தங்கை நல்ல அதிகாரி. அதுதான் பெரிய தொல்லை. கைது செய்து கொண்டுவரப்பட்டவர்களை அவள் ஒருமையில் பேசமாட்டாள். தண்ணீர் கொடுத்தார்களா, வீட்டுக்குச் சொன்னார்களா என்று கேட்பாள். வேனில் பெல்ட் போடாமல் யாரையும் ஏற்றவிடமாட்டாள். "கை வைத்த நிமிடத்திலிருந்து அவர் உயிர் நம் பொறுப்பு" என்று எழுதி எழுத்தர் மேஜைக்கு மேலே ஒட்டிவைத்திருந்தாள். இரண்டு வருஷமாக அந்த நிலையத்தின் காவலில் இருந்த ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை, ஒரு புகார் இல்லை. பத்திரிகையில் அவள் படத்தோடு செய்தி வந்தது. அம்மா அதை வெட்டிச் சட்டம் போட்டு மாடிக் கூடத்தில் மாட்டினாள். மாட்ட ஆணி வேண்டும் என்று அங்கே தொங்கிக்கொண்டிருந்த பெரியவளின் கல்யாணப் படத்தைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் வைத்தாள்.

"வேற ஆணி அடிச்சா சுவர் பெயர்ந்துடும்டி" என்றாள் அம்மா.

"பரவால்லம்மா. என் கல்யாணம் எங்க போகப்போகுது" என்று சொல்லிவிட்டுப் பெரியவள் கீழே இறங்கிவந்தாள். அன்று பாத்திரம் தேய்க்கும் சத்தத்தைக் கேட்டு, யார்மேல் கோபம் என்று கணவன் கேட்டான். பாத்திரத்தின் மேல் என்றாள்.

அந்தச் செய்தியைத் தொடர்ந்து தலைமையகத்தில் சின்னவளுக்குப் பாராட்டு விழா ஏற்பாடானது. காவலில் இருப்பவர்களைப் பாதுகாப்பது எப்படி என்று மற்ற நிலையங்களின் அதிகாரிகளுக்கு அவள் பத்து நிமிடம் பேசவும் வேண்டும். பகல் ஒரு மணிக்கு விழா. அன்று காலைதான் தையல்காரியைக் கொண்டுவந்தார்கள்.

அவள் ஒரு துணித் தொழிற்சாலையில் சட்டைக்குக் காலர் தைப்பவள். முப்பத்தைந்து வயது இருக்கும், ஒடிசலான உடம்பு. கழிப்பறைக்குப் போய்வர நேரமாகிவிட்டது என்று சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் கேவலமாகப் பேச, மேஜையிலிருந்த இரும்பு அளவுகோலை எடுத்து அடித்துவிட்டாள். அவருக்கு நெற்றியில் நான்கு தையல். அவள் மறுக்கவில்லை. "அடிச்சேன்" என்று மட்டும் சொன்னாள். பகல் பன்னிரண்டு மணிக்குள் நீதிமன்றத்தில் ஒப்படைத்துவிட்டால், அங்கிருந்தே தலைமையகம் போய்விடலாம் என்பது சின்னவளின் திட்டம்.

பெண் கைதிகளைச் சோதிப்பது பெரியவளின் வேலை. தடுப்புக்குப் பின்னால் நிறுத்திச் சோதித்தாள். சாப்பாட்டுப் பையில் டப்பா, சீப்பு, ஒரு பஸ் பாஸ், பக்கவாட்டு ஜிப்புக்குள் நீலநிற இன்ஹேலர் ஒன்று. வாய் வைக்கும் இடத்தில் பூச்சு தேய்ந்து வெளுத்திருந்தது. தினமும் புழங்கிய பொருள் என்று பார்த்தவுடனே தெரிந்தது.

"இழுப்பா?" என்று பெரியவள் கேட்டாள்.

"ஆமாக்கா. பஞ்சுத் தூசி. எப்பவாவது வரும்."

அவ்வளவுதான் பேச்சு. எல்லாவற்றையும் தட்டில் வைத்து எழுத்தர் மேஜைக்குக் கொண்டுவந்தாள். எழுத்தர் விடுப்பில் இருந்ததால் காவல் படிவத்தைச் சின்னவளே நிரப்பிக்கொண்டிருந்தாள். ஒரு தோளுக்கும் காதுக்கும் நடுவே போன். மறுமுனையில் தலைமையகம். மேடையில் யார் யார் உட்காருகிறார்கள் என்று யாரோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். "சரி சார், கண்டிப்பா சார்" என்றபடியே கட்டங்களில் குறி போட்டுக்கொண்டு போனாள்.

படிவத்தின் ஏழாம் கேள்வி: கைதானவருக்கு நோய் உண்டா, மருந்து எடுக்கிறாரா, நேரில் கேட்டு எழுதவும்.

சின்னவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. "உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்று காற்றைக் கேட்பதுபோலக் கேட்டாள். தையல்காரி அந்த நேரம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கணவனுக்குத் தகவல் போயிற்றா என்ற கவலை அவளுக்கு. கேள்வி அவள் காதில் விழவே இல்லை. சின்னவளின் பேனா 'இல்லை' என்ற கட்டத்தில் ஒரு குறி போட்டுவிட்டு எட்டாம் கேள்விக்கு இறங்கியது.

பெரியவள் அந்தக் குறியைப் பார்த்தாள். தட்டிலிருந்த இன்ஹேலரைப் பார்த்தாள். இவளுக்கு இழுப்பு இருக்கிறது என்ற மூன்று வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. அங்கேயே நின்றது.

நீதிமன்றக் காவலறையில் கைதிகளை வாங்கிக்கொள்ளும் பெண் அதிகாரி கறாரானவள். பையைப் பிரித்துப் படிவத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுவாள். இன்ஹேலர் இருக்கிறது, படிவத்தில் நோய் இல்லை என்றிருக்கிறது என்றால் விடமாட்டாள். சிவப்பு மையில் குறிப்பு எழுதி மேலிடத்துக்கு அனுப்புவாள். அதுவும் இன்றைக்கு, ஊருக்கெல்லாம் பாதுகாப்பைப் பற்றிப் பாடம் எடுக்கப் போகும் நாளில். ஒரே ஒரு சிவப்புக் குறிப்பு. அதற்கு மேல் பெரியவள் எதையும் ஆசைப்படவில்லை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, இவளும் தலைகுனிந்து நிற்கட்டும்.

பொருள்களைப் பையில் போட்டு வாயை மடித்து முத்திரை ஒட்டினாள். ஒட்டும்போது கை நடுங்கவில்லை என்பது அவளுக்குப் பின்னாளில் பல தடவை நினைவுக்கு வந்தது.

"எல்லாம் சரியாக்கா?" என்று சின்னவள் போனைப் பொத்திக்கொண்டு கேட்டாள். நிலையத்தில் அவள் அக்கா என்று கூப்பிடுவது அபூர்வம். அவசரத்தில் வந்துவிட்டது.

"எல்லாம் சரி மேடம்" என்றாள் பெரியவள்.

வேனின் முன்பக்கம் டிரைவரும் சின்னவளும், சின்னவளின் மடியில் முத்திரையிட்ட பையும் படிவமும். நடுவில் கம்பி வலை பதித்த இரும்புத் தடுப்பு. பின்பக்கம் எதிரெதிராக இரண்டு நீளப் பலகை இருக்கைகள். தையல்காரியின் கைகளில் முன்பக்கமாக விலங்கு. பெரியவள் அவளுக்குப் பெல்ட்டை மாட்டிவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். அதுதான் விதி. கைதியின் முகம் தெரியும்படி உட்கார வேண்டும். கண்ணை எடுக்கக் கூடாது. பின்கதவை வெளியே இருந்து பூட்டிச் சாவியைச் சின்னவள் வைத்துக்கொண்டாள்.

பாலத்தின் நடுவில் வண்டி நின்றது. முன்னால் எங்கோ சிமென்ட் ஏற்றிவந்த லாரி கவிழ்ந்துவிட்டதாம். ஹாரன் சத்தம். வெயில் தகரக் கூரையில் இறங்கிக்கொண்டிருந்தது. பின்பக்கத்து மின்விசிறி ஒரு வாரமாக ஓடவில்லை. கவிழ்ந்த மூட்டைகளிலிருந்து கிளம்பிய சாம்பல்நிறத் தூசி வலைஜன்னல் வழியாக மெல்ல உள்ளே வந்தது.

தையல்காரி இருமினாள். பிறகு இன்னொரு முறை. நிமிர்ந்து உட்கார்ந்து வாயைத் திறந்து மூச்சு வாங்கினாள். பெரியவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று நாற்பத்தாறு.

மூச்சை வெளியே விடும்போது மெல்லிய விசில் சத்தம் கேட்டது. பெரியவளுக்கு அது என்னவென்று தெரியும். பை இரண்டடி தூரத்தில், தடுப்புக்கு அந்தப் பக்கம் தங்கையின் மடியில் இருப்பதும் தெரியும். வலைக்குள் விரலை விட்டுத் தட்டினால் போதும். ஆனால் தட்டினால் என்ன சொல்வது? பையில் மருந்து இருக்கிறது என்றால், இழுப்பு என்று முன்பே தெரியுமா என்று கேட்பாள். தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாள். தலைகுனிய வேண்டியவள் அவள் இல்லை, நான் என்றாகிவிடும். நீதிமன்றம் இன்னும் ஒரு கிலோமீட்டர்தான். வண்டி இப்போது நகர்ந்துவிடும். எப்பவாவது வரும் என்றுதானே சொன்னாள். தானாகவே அடங்கிவிடும்.

வலை வழியாகத் தங்கையின் பின்னந்தலை தெரிந்தது. ஒரு முடி பிசகாத கொண்டை. பேச வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறாள் போலும். தலை லேசாக ஆடிக்கொண்டிருந்தது. இந்த வெயிலிலும் இவளுக்கு மட்டும் எப்படிக் கழுத்தில் ஒரு சொட்டு வியர்வை இல்லை என்று பெரியவளுக்குத் தோன்றியது. எதிரில் ஒருத்தி மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்கிறாள். அவள் தங்கையின் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா" என்றாள் தையல்காரி. விலங்கு போட்ட கைகளை நெஞ்சுக்கு நேரே தூக்கினாள். "பம்பு... என் பம்பு."

"கொஞ்சம் பொறு. வந்துட்டோம்."

"முடியலக்கா."

அதற்குப் பிறகு அவளால் பேச முடியவில்லை. தோள்கள் காது வரைக்கும் ஏறி இறங்கின. கழுத்து நரம்புகள் புடைத்தன. கண்கள் மட்டும் பெரியவளை விட்டு அகலவே இல்லை. உதடு நீலம் பாரிப்பதைப் பார்த்ததும் பெரியவள் எழுந்து இரண்டு கையாலும் தடுப்பை அறைந்தாள்.

"கதவைத் திற! சின்னி, கதவைத் திற! மூச்சு நின்னுடும்போல இருக்கு! பையைப் பிரி, பையில இன்ஹேலர் இருக்கு!"

அப்போது மணி பதினொன்று ஐம்பத்திரண்டு. சின்னவள் ஒயர்லெஸ்ஸில் உதவி கேட்ட நேரம் பதிவேட்டில் அப்படித்தான் இருந்தது.

சின்னவள் ஓடிவந்து பின்கதவைத் திறந்தாள். முத்திரையைப் பல்லால் கிழித்துக்கொண்டே வந்திருந்தாள். விலங்கைக் கழற்றி, இன்ஹேலரை வாயில் வைத்து அழுத்தினாள். மருந்து உள்ளே போகவில்லை. இழுக்கும் சக்தி அந்த நெஞ்சில் இல்லை. தையல்காரியின் தலை ஒரு பக்கம் சாய்ந்தது.

"பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிளினிக் இருக்கு மேடம்" என்றார் டிரைவர். "வண்டி போகாது."

"தூக்கு" என்றாள் சின்னவள் அக்காவிடம்.

சின்னவள் தோள்களுக்கடியில் கை கொடுக்க, பெரியவள் கால்களைப் பிடிக்க, நின்றிருந்த கார்களுக்கு நடுவே இருவரும் ஓடினார்கள். ஓட்டத் தேர்வில் இரண்டு நொடி பிந்தியவள் அன்று தங்கைக்குச் சமமாக ஓடினாள். கிளினிக் படியேறும்போது சின்னவள் ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பையில் இன்ஹேலர் இருப்பது உனக்குத் தெரிந்திருந்தது என்பது அந்தப் பார்வையில் இருந்தது.

டாக்டர் வயதானவர். ஊசி போட்டார், ஆக்சிஜன் வைத்தார், ஒரு கட்டத்தில் நெஞ்சை அழுத்தினார். மூச்சு திரும்பியது. ஆம்புலன்ஸ் வந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போயிற்று. தொண்டையில் குழாய் போட்டு மூன்று நாள் இயந்திரத்தின் உதவியில் மூச்சு விட்டாள். பிழைத்துக்கொண்டாள். குழாய் போட்ட இடத்தில் புண்ணாகி, குரல் மட்டும் பழையபடி வரவில்லை.

விழா நடக்கவில்லை. அன்று சாயங்காலமே சின்னவள் பணி இடைநீக்கம் செய்யப்பட்டாள். படிவத்தில் இருந்தது அவள் கையெழுத்து. ஏழாம் கேள்விக்குக் குறி போட்டது அவள் பேனா. பெரியவளின் பெயர் எங்கேயும் வரவில்லை. சொல்லப்போனால், தடுப்பைத் தட்டி உயிரைக் காப்பாற்றியவள் அவள்தான் என்று டிரைவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

பெரியவள் ஆசைப்பட்டது கிடைத்தது. கேட்டதைவிட நூறு மடங்காகக் கிடைத்தது. அம்மா மாடியில் சாப்பிடாமல் படுத்திருந்தாள். "யாரு கண்ணு பட்டுச்சோ" என்று புலம்பினாள். கீழே பெரியவள் தட்டில் கை வைத்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இரண்டாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். வார்டுக்குள் போகத் தைரியம் வரவில்லை. மாடிப்படித் திருப்பத்தில் நின்றுகொண்டிருந்தபோது மேலே சத்தம் கேட்டது. தையல்காரியின் கணவன் கத்திக்கொண்டிருந்தான். "அடிச்சிருந்தீங்கன்னா கூட மனசு ஆறியிருக்கும். கேக்கக்கூட இல்லையே நீங்க! ஒரு வார்த்தை, உடம்புக்கு என்னன்னு கேக்க உங்களுக்கு வாய் வரலையா?" எதிரில் சின்னவள் சீருடை இல்லாமல், சாதாரண உடையில், கைகளைக் கட்டாமல் நின்றுகொண்டிருந்தாள். "தப்புதாங்க. என் தப்புதான்" என்றாள். அவன் அழுதுகொண்டே உள்ளே போன பிறகும் அங்கேயே நின்றாள்.

அதைப் பார்த்தபோது பெரியவளுக்கு வந்தது இரக்கம் இல்லை. அதைச் சொல்லவே அவளுக்குக் கூசியது. வந்தது அதே பழைய எரிச்சல்தான். தப்பு செய்துவிட்டு நிற்பதிலும் இவள் என்னைவிட நன்றாக நிற்கிறாளே. நான் படிக்கட்டில் ஒளிந்துகொண்டிருக்கிறேன், இவள் நேரே போய் முகத்தைக் காட்டிவிட்டாளே.

சின்னவள் படியிறங்கி வந்து அக்காவைப் பார்த்தாள். இருவரும் படியிலேயே உட்கார்ந்தார்கள். ஒரு துப்புரவுத் தொழிலாளி இவர்களைச் சுற்றிக்கொண்டு படியைத் துடைத்துவிட்டுப் போனாள்.

"நான் குறி போட்டதை நீ பார்த்த" என்றாள் சின்னவள்.

"பார்த்தேன்."

"ஏன்க்கா சொல்லல?"

பெரியவள் பொய் சொல்ல நினைத்தாள். மறந்துவிட்டேன், கவனிக்கவில்லை என்று. ஆனால் தங்கையின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. "சொல்லியிருந்தா நீ திருத்தியிருப்ப. தேங்க்ஸ்க்கான்னு சொல்லியிருப்ப. விழாவுக்குப் போய் அதையும் ஒரு கதையா சொல்லிக் கைதட்டு வாங்கியிருப்ப."

சின்னவள் அக்காவின் பக்கம் திரும்பினாள். "என்னைப் பத்தி இவ்வளவு யோசிச்சியே, அந்தம்மாவைப் பத்தி யோசிக்கலையா?"

"அவங்க ஞாபகமே வரல சின்னி. எதிர்லதான் உட்கார்ந்திருந்தாங்க. ஆனா வரல."

"எனக்கும் வரல" என்றாள் சின்னவள். "நான் மேடையில யாரு பக்கத்துல உட்காரப்போறேன்னு யோசிச்சுக்கிட்டே குறி போட்டேன்." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வாக்குமூலத்துல உன்னைப் பத்தி நான் எழுதல. எழுதவும் மாட்டேன். அது உனக்காக இல்ல. கேக்க வேண்டியது நான், கையெழுத்துப் போட்டது நான். நீ சொல்றதும் சொல்லாததும் உன் பாடு. ஆனா என்கிட்ட மட்டும் இனிமே எல்லாம் சரி மேடம்னு சொல்லாத."

எழுந்து போய்விட்டாள்.

ஒரு வாரம் கழித்து விசாரணை. தலைமையகத்தில் ஒரு சின்ன அறை. விசாரணை அதிகாரி ஓய்வுக்குப் பக்கத்தில் இருந்த மனிதர். பக்கத்தில் தட்டச்சு செய்ய ஒருவர். முந்தின இரவு பெரியவள் கணவனிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். அவன் சிரித்த முகம் பற்றியெல்லாம் பேசவில்லை. "வேலை போயிடுமே" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "போனா போகட்டும், இந்த மூஞ்சியோட நீ வீட்டுக்குள்ள நடமாடுறதைப் பார்க்க முடியல" என்றான்.

"கைதிக்கு மூச்சு முட்டினதை எத்தனை மணிக்குக் கவனிச்சீங்க?" என்று அதிகாரி கேட்டார். எதிரில் டிரைவரின் வாக்குமூலம் இருந்தது. பதினொன்று ஐம்பத்திரண்டு என்று அவரே சொல்லித் தலையாட்டச் சொல்வது போல இருந்தது அவர் குரல்.

"பதினொண்ணு நாப்பத்தாறு சார்."

தட்டச்சு நின்றது. அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "ஆறு நிமிஷம் என்ன பண்ணீங்க?"

"பார்த்துக்கிட்டு இருந்தேன் சார்." பிறகு முதலிலிருந்து சொன்னாள். சோதனையில் இன்ஹேலர் கிடைத்தது, இழுப்பா என்று கேட்டது, ஏழாம் கேள்விக்குத் தப்பாகக் குறி போட்டதைப் பார்த்தது, முத்திரை ஒட்டியது, சிவப்புக் குறிப்பு வரட்டும் என்று நினைத்தது. எங்கேயும் நிறுத்தவில்லை.

"எதுக்கும்மா அப்படிப் பண்ணீங்க?"

"பொறாமை சார்."

தட்டச்சு செய்தவர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி நாற்காலியில் சாய்ந்தார். "அதை நான் எப்படி எழுதறது? அப்படி ஒரு காரணம் படிவத்துல கிடையாதும்மா." யோசித்துவிட்டு, "கடமையில் கவனக்குறைவுன்னு போடுங்க" என்றார்.

"கவனக்குறைவு இல்ல சார்" என்றாள் பெரியவள். "நல்லாக் கவனிச்சேன். எல்லாத்தையும் கவனிச்சேன்."

அதிகாரி, தட்டச்சு செய்பவரிடம், அவள் சொன்னதைச் சொன்னபடியே அடிக்கச் சொன்னார்.

பெரியவள் ஒரு வருஷம் பணி இடைநீக்கத்தில் இருந்தாள். பிறகு ஆவண அறைக்கு மாற்றினார்கள். மனிதர்களின் பொறுப்பு இனி எந்நாளும் அவளுக்குக் கொடுக்கக் கூடாது என்ற குறிப்போடு. சின்னவளின் சீனியாரிட்டியில் மூன்று வருஷம் வெட்டி, ஆறு மணி நேரப் பயணத் தூரத்தில் ஒரு நிலையத்துக்கு அனுப்பினார்கள். அம்மா அவளோடு போய்விட்டாள். அம்மாவிடம் சொன்னதும் பெரியவளேதான். அம்மா அடிக்கவில்லை, திட்டவில்லை. "நான்தான்டி ஒருத்தியை ஒருத்தியோட நிறுத்துப் பார்த்துட்டே இருந்தேன்" என்று மட்டும் சொன்னாள். பெரியவளுக்கு அது ஆறுதலாக இல்லை. தன்னுடைய தப்பையும் யாரோ எடுத்துக்கொண்டு போவதுபோல இருந்தது. "இல்லம்மா, நான் பண்ணது நான் பண்ணது" என்றாள்.

புது நிலையத்திலும் சின்னவளுக்கு நல்ல பேர் என்று அம்மா போனில் சொல்வாள். கேட்கும்போது பெரியவளின் நெஞ்சில் சுருக்கென்று ஒன்று தைக்கும். அது போய்விட்டது என்று அவள் யாரிடமும் பொய் சொன்னதில்லை. "அப்படியாம்மா, நல்லதுதான்" என்று சொல்லிவிட்டு, அது அடங்கும் வரைக்கும் போனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பாள்.

தையல்காரியின் வழக்கு, பெரியவள் இடைநீக்கத்தில் இருந்தபோதே, ஐந்தாம் மாதம் வந்தது. சூப்பர்வைசர் சமாதானமாகப் போக ஒப்புக்கொண்டார். அவள் தண்டனை இல்லாமல் விடுவிக்கப்பட்டாள். காவலில் நடந்ததைப் பற்றிச் சாட்சி சொல்லப் பெரியவளைக் கூப்பிட்டிருந்தார்கள். ஆறு நிமிடத்தையும் அங்கேயும் சொன்னாள். தையல்காரி பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

வெளியே நடைபாதையில் பெரியவள் அவள் முன்னால் போய் நின்றாள். மன்னிப்புக் கேட்க ஒத்திகை பார்த்த வார்த்தைகள் எல்லாம் கலைந்துபோயின. தையல்காரிதான் முதலில் பேசினாள். கரகரத்த, காற்று கலந்த குரல்.

"நீங்க என் முகத்தையே பார்த்துக்கிட்டு இருந்தீங்கக்கா. அதனாலதான் நான் கத்தல. இவங்க பார்க்கிறாங்க, இப்ப எதாவது பண்ணுவாங்கன்னு நெனச்சேன். யாருமே இல்லாம இருந்திருந்தா நானே கதவை உதைச்சிருப்பேன்."

தையல்காரி நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டாள்.

"உங்க தங்கச்சியும் வந்தாங்க. மன்னிப்பு கேட்டாங்க. அவங்ககிட்ட சொன்னதைத்தான் உங்ககிட்டயும் சொல்றேன். எனக்கு இப்போதைக்கு முடியல. கேக்காதீங்க."

கணவன் கை கொடுக்க அவள் படியிறங்கினாள். நான்கு படிக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்கினாள். பெரியவளுக்கு ஓடிப்போய் இன்னொரு பக்கம் தாங்கிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அதற்கு உரிமை இல்லை என்று தெரிந்ததால் மேலேயே நின்றாள். அந்த இருவரும் கடைசிப் படியைத் தாண்டி, தெருவில் இறங்கி, பஸ் ஏறும் வரைக்கும் கண்ணை எடுக்கவில்லை.